வலது கை மேலே போகவில்லை என்று சொல்லிப் பழகியது

பீளமேட்டில் ஒரு பேக்கரியில் நான் டீ மாஸ்டர். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் வாய்க்கு வந்த சொல் திரும்ப உள்ளே போய்விடும். அந்த வகையில் டீ அடுப்பு எனக்கென்றே அமைந்த இடம். முகம் பாய்லர் பக்கம் இருக்கும், முதுகு கடைப் பக்கம் இருக்கும். பின்னாலிருந்து ‘ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சர்க்கரை கம்மி’ என்று குரல் வரும். ஆற்றி, டம்ளரில் ஊற்றி, பலகைமேல் வைத்தால் கை ஒன்று வந்து எடுத்துக்கொண்டு போகும். காலேஜ் பிள்ளைகளும் கம்பெனி என்ஜினீயர்களும் வருஷக்கணக்காக நான் போட்ட டீயைக் குடித்திருக்கிறார்கள். ரோட்டில் எதிரே வந்தால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அதை நான் ஒரு வசதியாகத்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையில் அந்த வசதி போயிற்று. விடிவதற்குள் கடையைத் திறப்பவன் நான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தபோது பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் என் தோளில் மாட்டியிருந்த பையைப் பிடித்து இழுத்தார்கள். விட்டிருக்கலாம். உள்ளே இருந்தது எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். ஆனால் அதை வைத்திருந்த டிபன் பாக்ஸ் புதுசு. பழையதை முந்தின மாதம்தான் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இதையும் தொலைத்தால் வீட்டுக்குப் போக முடியாது என்ற நினைப்பில் பிடித்த பிடியை விடவில்லை. வண்டி போன வேகத்தில் என்னையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டது. பையும் போயிற்று, வலது தோள் எலும்பும் உடைந்தது. கடைச் சாவி மட்டும் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகவே பார்த்தார்கள். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கைதான் நெஞ்சு உயரத்துக்கு மேலே போகவில்லை. பிசியோதெரபி பார்க்கும் டாக்டர் அம்மா தெளிவாகச் சொன்னார். சில மாதங்கள் கைக்கு வேலை கொடுக்காமல், தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்தால் கை மேலே போகும். வேலைக்குப் போய்க்கொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அப்படியே இறுகிவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

டீயை ஆற்றுவதற்குக் கை தலைக்கு மேலே போக வேண்டும். அது போகவில்லை என்றதும் கடை முதலாளி என்னைக் கைவிடாமல் கல்லாவில் உட்கார வைத்தார். அவர் நல்லது என்று செய்ததுதான். எனக்கு அது தண்டனையாகப் போயிற்று. கடைக்கு வருகிற அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பப்ஸ் சூடாக இருக்கிறதா, தேங்காய் பன் எப்போது வரும் என்று கேட்டார்கள். செல்போனில் பணம் போட்டால் தொகையைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று பக்கத்தில் இருந்தது. எனக்குப் பதிலாக அதுதான் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஆள் இல்லாத நேரத்தில் பால் டிரேக்களையும் நான்தான் இறக்கினேன். ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரமும் கடை நேரமும் ஒன்று. சம்பளம் இல்லாமல் சில மாதம் வீட்டில் இருக்க வழி இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த செலவு இன்னும் முழுசாக முடியவில்லை. கை மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் டிபன் பாக்ஸ் ஏதாவது கிடைத்ததா என்று விசாரிக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அனுப்பியது என் மனைவி. வாசலில் நின்றேன். உள்ளே போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. வராந்தாவில் ஒரு மேஜை போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கோட்டைமேட்டில் தையற்கடை வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இலவச சட்ட உதவி மையத்துக்காக வாரத்தில் சில நாள் வந்து உட்காரும் தன்னார்வலர். என்னைவிடச் சின்னவர்.

“ஏனுங்கண்ணா, ரொம்ப நேரமா நிக்கறீங்க. யாரப் பாக்கோணும்?” என்றார்.

டிபன் பாக்ஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்து, குற்றத்தில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறது, மனுப் போடலாம் என்றார். திருடன் அகப்படவில்லையே என்றேன். அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் கேட்கலாம் என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. யாரோ இழுத்துப் போட்டதற்குச் சர்க்காரிடம் போய்க் கையேந்துவதா என்று தயங்கினேன்.

“இது தர்மக்காசு இல்லீங்கண்ணா. ரோட்டுல பயமில்லாம நடக்க வெக்கறது சர்க்கார் வேலை. அது நடக்கல. அதுக்குக் குடுக்கறாங்க. உங்களுக்குன்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கறத நீங்க வேண்டாம்னு சொல்லி யாருக்கு லாபம்?”

மனு, முதல் தகவல் அறிக்கை, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் அவரே ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். வலது கை கட்டில் இருந்த நாளிலேயே இடது கையால் போடப் பழகியிருந்தேன், கொஞ்சம் சாய்வாக வரும். வீட்டுக்கு ஓர் அதிகாரி விசாரிக்க வருவார், கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீடு சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீடு. வரிசையாக வீடுகள், பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அதிகாரி வருகிறார் என்றதும் என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீடு தேடி வருகிறவர் யாராக இருந்தாலும் விருந்தாளிதான் என்பது அவள் கணக்கு. பக்கத்து வீட்டு சோபாவை இரண்டு பேர் தூக்கி வந்து எங்கள் வீட்டில் போட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து ஸ்டாண்டு ஃபேன் வந்தது. மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை அவள் உடுத்திக்கொண்டாள். எனக்கு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அவளுடைய அண்ணனுக்குச் சேதி எப்படிப் போயிற்றோ தெரியாது, தோட்டத்திலிருந்து ஒரு வாழைத்தாரோடு காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்.

அதிகாரி நல்ல மனிதர். வயது குறைவு. சோபாவில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, “நல்லா இருக்கீங்களா?” என்றுதான்.

“நல்லா இருக்கறனுங்க சார்” என்றேன்.

கை எப்படி இருக்கிறது என்றார். பரவாயில்லைங்க என்றேன். வேலைக்குப் போகிறீர்களா என்றார். போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். வீட்டில் சிரமம் ஏதாவது உண்டா என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரு கொறையும் இல்லீங்க. சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறோமுங்க” என்றாள் அவள், பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டே.

இதில் எங்கள் இருவருக்கும் பொய் சொன்னதாகவே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் நம் கஷ்டத்தை அவிழ்த்துக் கொட்டுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனாலும் ‘நல்லா இருக்கறனுங்க, நீங்க சாப்பிட்டீங்களா’ என்றுதான் அவர் கேட்பார். நாங்களும் அப்படித்தான் பேசினோம். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. வந்தவருக்கு நானே டீ போட்டேன். வலது கை வராது என்பதால் இடது கையால் ஆற்றினேன். கொஞ்ச நாளாக வீட்டில் ரகசியமாகப் பழகியிருந்தேன்; ஒரு டம்ளருக்குச் சரி, கடைக் கூட்டத்துக்கு அது ஆகாது. அவர் குடித்துவிட்டு, டீ பிரமாதம் என்று சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அவர் கிளம்பும்போது மைத்துனர் வாழைத்தாரை அவருடைய ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். அதிகாரி அவிழ்த்தார். மைத்துனர் திரும்பவும் கட்டினார். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதிகாரி வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடித்தான் தப்பித்தார்.

“நல்ல மனுசன் மாப்ள. கூச்சப்படறாரு” என்றார் மைத்துனர்.

சில வாரம் கழித்துத் தையற்கடை அம்மா போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். விசாரணை அறிக்கை வந்திருக்கிறது. காயம் குணமாகிவிட்டது, மனுதாரர் வேலைக்குப் போகிறார், வீட்டில் சோபா இருக்கிறது, குடும்பம் வசதியாகத் தெரிகிறது, குறை எதுவும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள் என்று அதில் இருக்கிறதாம்.

“அது எப்படீங்க அவரு அப்படி எழுதலாம்?” என்றாள் என் மனைவி.

“நீங்க சொன்னதத்தானுங்கக்கா எழுதியிருக்காரு. அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, அந்த வாழைத்தாரப் பத்தி ஒண்ணும் எழுதாம விட்டாரே, அதுக்கே கும்பிடு போடோணும்.”

மனைவி சோபா இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது பழைய பாய் சுருட்டி வைத்திருந்தது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார் அந்த அம்மா. முடிவு செய்கிற நீதிபதி எங்களை நேரில் கூப்பிட்டுக் கேட்பார். அங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அங்கேயும் நல்லா இருக்கிறேன் என்று சொன்னால் மனு தள்ளுபடி ஆகிவிடும். அதற்கு மேல் ஆஸ்பத்திரிப் பயிற்சியை மறந்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் அவரே பேக்கரிக்கு வந்தார். ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு கல்லாவுக்கு எதிரே நின்று, “நான்தான் ஜட்ஜுன்னு வெச்சுக்கோங்க. நல்லா இருக்கீங்களா?” என்றார்.

“நல்லா இருக்கறனுங்க.”

“அண்ணா.”

“தெரியாம வந்துருச்சுங்க அம்மணி.”

மறுபடி கேட்டார். மறுபடி அதுவே வந்தது. முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து வாடிக்கையாக வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டார். காசு கொடுக்கிற ஒவ்வொருவரும் ‘கை எப்படிங்ணா இருக்கு?’ என்று கேட்க வேண்டும், நான் ‘மேல போக மாட்டேங்குதுங்க’ என்று சொல்ல வேண்டும். நான் பயந்த பயம் சொல்லி முடியாது. காலேஜ் பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. ஒரு என்ஜினீயர் தம்பி, சரியாகச் சொன்னால்தான் காசு போடுவேன் என்று செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை நின்றது. நான் ‘பரவாயில்லைங்க’ என்றேன். வரிசை முழுக்கச் சேர்ந்து ‘தப்பு’ என்றது.

சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் எனக்குள் ஒன்று புரிந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது கேள்வி இல்லை. கை போகாது என்று என் வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்திருக்கிறேன். சொல்லாதவரைக்கும், நாளைக்கே அடுப்புப் பக்கம் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. ஒரு வாரம் போல ஆனபின் யார் கேட்டாலும் ‘மேல போகலீங்க’ என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வந்துவிட்டது. பழக்கப்பட்டவர்களிடம் மட்டும்.

நீதிபதி முன்னால் போகிற நாளுக்கு மனைவி பட்டுப்புடவையைத் தொடவில்லை. தினம் விடுதிச் சமையல் வேலைக்குக் கட்டிப்போகிற சேலையையே கட்டினாள். மைத்துனரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கோர்ட் வளாகத்தில், கூண்டில் ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. சாதாரண அறை, மேஜை, சில நாற்காலிகள். மேஜைக்குப் பின்னால் ஒரு நீதிபதி அம்மா. தையற்கடை அம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீதிபதி அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க. நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கறனுங்கம்மா” என்றேன்.

தையற்கடை அம்மா கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவி என் காலை மிதித்தாள். கடையில் பழகின சொல் எதுவும் வரவில்லை. நீதிபதி அம்மா எங்கள் மூவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. முன்பு என்ன வேலை, இப்போது என்ன வேலை என்று கேட்டார். முன்பு டீ அடுப்பு, இப்போது கல்லா என்றேன்.

“கல்லா நல்லதுதானே? உட்கார்ந்துக்கிட்டே பார்க்கிற வேலை. கைக்கும் சிரமம் இல்லை.”

அவர் பரிவாகத்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, வாய் திறந்துவிட்டது.

“இல்லீங்கம்மா. கல்லா எனக்கு ஆகலீங்க. எல்லாரும் மூஞ்சியப் பாக்கறாங்க. பேசோணும், சிரிக்கோணும். காலைல பஸ்ஸுல வரும்போதே எறங்காம அப்படியே போயிரலாமான்னு இருக்குதுங்க. அடுப்புல நின்னா என்னை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. டீ மட்டும் நல்லா இருந்தாப் போதும். நான் அங்கதானுங்க போவோணும். அதுக்குக் கை தலைக்கு மேல போவோணும். போவ மாட்டேங்குதுங்க.”

அவ்வளவு நீளமாக நான் பேசியதை என் மனைவி அதற்கு முன் கேட்டதில்லை. என்னை யாரோ போலப் பார்த்தாள்.

நீதிபதி அம்மா கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. இன்னும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். தோள்தான் காதுப் பக்கம் ஏறியது, கை ஏறவில்லை. போதும், இறக்குங்க என்றார். பிறகு, தலை சீவுவதெல்லாம் எப்படி என்று கேட்டார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டு, “நானுங்க சீவி விடறேன். சட்டையும் நானுங்க மாட்டி விடறது. அன்னைக்கு அந்த சார் வந்தப்ப ஒரு கொறையும் இல்லைன்னு சொல்லிப்போட்டேனுங்க. ஊடு தேடி வந்தவருகிட்ட எப்படீங்க சொல்றது” என்றாள்.

“சோபா?” என்றார் நீதிபதி அம்மா, தாளைப் பார்த்தபடி.

“பக்கத்து ஊட்டு சோபாவுங்க.”

அறையில் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர்கூடச் சிரித்துவிட்டார். நீதிபதி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தலையைப் பார்த்தார். “நல்லாத்தான் சீவி விட்டிருக்கீங்க” என்றார் மனைவியிடம்.

பிசியோதெரபி டாக்டர் கொடுத்த சீட்டை மறுபடி படித்தார். எத்தனை மாதம் பயிற்சி, அதுவரைக்கும் வேலை செய்யக் கூடாதா, முதலாளி திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்போது எனக்குப் பதில் தடங்கல் இல்லாமல் வந்தது. மெதுவாகத்தான், ஆனால் உள்ளது உள்ளபடி.

நிவாரணம் கிடைத்தது. எவ்வளவு என்று எழுத என் மனைவி சம்மதிக்கவில்லை, சொந்தக்காரர்கள் படித்தால் வம்பு என்கிறாள். வேலைக்குப் போகாமல் பயிற்சியை முடிக்க அது போதுமானதாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவரில் விரல்களை வைத்து, பல்லி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்த வேண்டும். முதல் நாள் ஏறிய இடத்தில் டாக்டர் அம்மா பென்சிலால் ஒரு கோடு போட்டார். என்னோடு பயிற்சி செய்தவர்களில் பனைமர உயரத்துக்கு ஒரு லாரி டிரைவர் இருந்தார். அவருடைய கோடு எப்போதும் என் கோட்டுக்கு வெகு மேலே இருந்தது. உயரத்தால் வந்த லாபத்தை அவர் தன் முயற்சி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. வலித்தது. சில நாள் கோடு ஏறவே இல்லை. பிறகு ஒரு வாரம் மளமளவென்று ஏறியது. ஒரு காலையில் நானே வலது கையால் சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டேன். வகிடு கோணல். மனைவி பார்த்தாள், வாங்கித் திருத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

போன ஆடி முடிந்ததும் அடுப்புக்குத் திரும்பினேன். முதலாளி பாய்லரைத் துடைத்து வைத்திருந்தார். கை முன்பு போன உயரத்துக்கு முழுசாகப் போகவில்லை. ஒரு சாண் குறைகிறது. அந்த ஒரு சாணுக்கு நுரை கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. முதல் டீயை வாங்கிய என்ஜினீயர் தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, “அண்ணா, நுரை கம்மியா இருக்கே” என்றார். பக்கத்தில் நின்றவர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிய சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இன்னொரு குரல் சர்க்கரை கம்மியாக ஒன்று கேட்டது. பாலை எடுத்தேன்.